கல்லடிக் காற்றில் கூரை கழற்றிய கார்

காரின் கூரையைத் தூக்குவதென்றால் அம்மா இடது பக்கம், நான் வலது பக்கம். விடியற்காலை ஆறு மணிக்கு முந்தி, கல்லடிக் கடல் பக்கத்து வெளிச்சம் தென்னோலைகளுக்குள்ளால் வளவுக்குள் விழத் தொடங்கும் நேரம். உள்ளே இருந்து கண்ணாடிகளை இறக்கி, இரு பக்கப் பூட்டுகளையும் விடுவித்துவிட்டு நான் வெளியே வருவேன். ஆளுக்கொரு பக்கம் நின்று முதலில் பின் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்துவோம். பிறகு முழுக் கூரையையும் மட்டமாக எடுப்போம். அலுமினியக் கூரை, ஏறக்குறைய 11 கிலோ. பாரம் பெரிதில்லை, அகலம்தான் சிரமம். ஒருவர் ஒரு சாண் முந்திவிட்டால் மற்றவரின் பக்கத்து மூலை முன்கண்ணாடிச் சட்டத்தில் உரசிவிடும். "அவசரப்படாத மகள், ஒண்டா எடுப்பம்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா.

டிக்கிக்குள் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அதை மேலே உயர்த்தி, கூரையை அலுமாரித் தட்டு மாதிரி உள்ளே தள்ளி, சட்டத்தைக் கீழே பதித்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகும் கீழே இரண்டு பை வைக்க இடம் மிஞ்சும். எல்லாம் ஐந்து நிமிட வேலை. திரும்பப் பூட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் வேறு கதை. இதை எழுத வந்ததே அந்தக் கதைக்காகத்தான்.

கார் அப்பாவுடையது. ஹொண்டா சி.ஆர்.எக்ஸ். டெல் சோல், 1993 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பச்சை நிறம், இரண்டே இரண்டு சீட். கொழும்பில் பல கை மாறி, 2010 இல் அப்பாவிடம் வந்தது. யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, கடலோர வீதியைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்திய வருசங்களில் இராணுவச் சோதனைச் சாவடிகளான சென்றிப் பொயின்ற் ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்த அதே வீதியில், தலைக்கு மேலே வானம் தெரியக் கார் ஓட்ட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். டெல் சோல் என்றால் ஸ்பானிய மொழியில் 'சூரியனுடைய' என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் மலர்ந்திருக்கும். 2019 இல் அவர் போன பிறகு கார் என் கைக்கு வந்தது.

இந்த மாதிரிக் கூரைக்கு 'டார்கா' என்று பேர். 1965 இல் போர்ஷ நிறுவனம் தன் 911 காரில் இந்தப் பேரோடு இந்த அமைப்பைக் காட்டியது. சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃபுளோரியோ என்ற கார் ஓட்டப் போட்டியின் நினைவாக வைத்த பேர் அது. முழுவதும் திறந்த கார் புரண்டால் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து என்ற பயம் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிதாக இருந்தது. அதனால் சீட்டுக்குப் பின்னால் வளைவான இரும்புச் சட்டம் ஒன்றை நிலையாக விட்டு, தலைக்கு மேலிருக்கும் பலகையை மட்டும் கழற்றும்படி செய்தார்கள். எங்கள் காரும் அந்த வழியில் வந்ததுதான். ஜப்பானில் பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி மேலே எழும்பிக் கூரையைத் தானே எடுத்துக்கொள்ளும் வகையையும் ஹொண்டா விற்றது. எங்களுடையது கையால் கழற்றுவது, அது எனக்கு ஆறுதல். மோட்டார் பழுதானால் மட்டக்களப்பில் யாரிடம் கொண்டுபோவது?

வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டெல் சோல் அந்தக் காலத்து சிவிக் காரின் அடித்தளத்தில் கட்டியது. ஆகவே என்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் பெரும்பாலும் கிடைக்கும். கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்தால் கைக்கு வந்துவிடும். தண்ணீர் வராமல் கூரை ஓரத்தை அடைக்கும் பீடிங் ரப்பர், கூரைப் பூட்டு, கண்ணாடி ஓரத்து ரப்பர் ஆகியவை இந்தக் காருக்கு மட்டுமே உரியவை, லேசில் அகப்படாது. அதனால் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறக்க முந்தி கூரையைக் கழற்றச் சொல்லுங்கள். ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மெத்தென்று திரும்பி எழும்ப வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, பிளவு ஓடியிருந்தாலோ, என்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் எல்லோரும் கேட்பது எவ்வளவு வேகம் போகும் என்றுதான். எங்கள் நாட்டில் ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் காருக்குச் சட்டம். அதோடு கல்லடியிலிருந்து தெற்கே கல்முனை வரைக்கும் ஊருக்குப் பின் ஊர். ஆரையம்பதி, தாழங்குடா, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று வீடுகள் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். நாற்பதில்தான் போகலாம், அந்த நாற்பதில்தான் இந்தக் கார் அழகு. காத்தான்குடியில் நடு வீதியில் நிற்கும் பேரீச்சை மரங்களின் குலைகளை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது கூரை கழற்றிய அன்றுதான். அத்தனை வருசம் அந்த மரங்களுக்குக் கீழால் போய் வந்திருக்கிறேன், அடிமரம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஆற்றுக் காற்று ஒரு பக்கத்தாலும் கடல் காற்று மறுபக்கத்தாலும் வரும். மருதமுனையில் உள் ஒழுங்கையால் மெதுவாகப் போனால் தறிச் சத்தம் காதில் விழும். நிந்தவூர் தாண்டினால் வயல் மணம். மூடிய காரில் ஏசி போட்டுக்கொண்டு போனால் இதில் ஒன்றும் கிடைக்காது.

காற்றைப் பற்றி எனக்கு முதலில் விளங்காத ஒன்று இருந்தது. கூரை இல்லாவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும் என்றுதான் நினைத்தேன். அடித்தது பின்கழுத்தில். நீளமான என் தலைமுடி முன்னால் வந்து கண்ணை மறைத்தது. முன்கண்ணாடிக்கு மேலால் பாயும் காற்று எங்களுக்குப் பின்னால் விழுந்து, சுழன்று, முதுகுப் பக்கத்தால் திரும்பி வருகிறது. இதற்கு மருந்து சுலபம். டெல் சோலில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி பொத்தானுக்கு ஏறி இறங்கும். அதையும் இரு கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால் அறுபதிலும் பேச்சுக் கேட்கும். மெதுவாகப் போகும்போது எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். முடியைப் பின்னிக் கட்டாமல் இந்தக் காரில் ஏற வேண்டாம். சால்வை, துப்பட்டா போட்டிருந்தால் உள்ளே செருகி அதன் மேலால் சீட் பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட் இல்லாமல் யாரையும் நான் ஏற்றுவதில்லை. பின்னாலிருக்கும் இரும்புச் சட்டம் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆள் சீட்டோடு இருக்க வேண்டும். எழும்பி நின்று பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். என் மருமகனும் கேட்டான். கண் கலங்கியும் நான் விடவில்லை.

எந்த நேரம் கழற்றுவது என்பதை ஊர்தான் சொல்லும். காலை எட்டு மணிக்குப் பிறகு பின்னேரம் நாலரை வரைக்கும் நான் கூரையைத் தொடுவதில்லை. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும், தலையைக் காப்பாற்ற எந்த நிழலும் இல்லை. கோடையில் கச்சான் காற்று வீசும் நாட்களில் மணலும் புழுதியும் சீட் முழுக்கப் படிந்துவிடும். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு நடக்கும்போது அம்பாறைப் பக்கம், சம்மாந்துறை வட்டைகளுக்குள்ளால், அதாவது வயல்வெளிகளுக்குள்ளால், கூரை இல்லாமல் போகவே கூடாது. வீதி ஓரத்தில் நெல்லுக் காயப் போட்டிருப்பார்கள், வெட்டு மெசின் ஓடும், நெல்லுச் சுணை காற்றோடு வந்து கழுத்தைச் சுற்றி ஒட்டிவிடும். இரண்டு முறை குளித்தாலும் அந்தக் கடி போகாது. பின்னேரம் இருட்டுப் பட்டால் இரண்டு தொல்லை. வயல் பூச்சி ஹெட்லைட்டுக்கு வந்து கண்ணில் விழும். கட்டாக்காலி மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடுவீதியில் வந்து படுக்கும். கார் தாழ்வானது, மாட்டின் வயிறு எங்கள் முகத்துக்கு நேரே வரும். ஆறு மணிக்குப் பிறகு கூரையைப் பூட்டி, வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

கடற்கரையோரம் ஓடினால் உப்பு உள்ளுக்கும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. சாதாரணக் காரில் வெளியைக் கழுவினால் போதும். இதில் சீட் ஓடும் தண்டவாளம், பெல்ட் கொழுக்கி, கூரைப் பூட்டின் உள் இரும்பு எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எங்கள் கிணறு கோடையில் கொஞ்சம் உவர்ப்பாகும், அதனால் பைப் தண்ணீரில் நனைத்த துணிதான்.

இப்போது ஒழுக்கு.

டெல் சோலை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் குறை இது. 2020 மாரியில் என் வலது தோளில் முதல் துளி விழுந்தது. அனுபவமில்லாத நான் நகரத்தில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் எடுக்கப் போனால் கதவைத் திறந்தவுடன் வினாகிரி மணம். கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் சிலிக்கனை ரப்பர் ஓரம் முழுவதும் இழுத்துவிட்டிருந்தார்கள். "இனி ஒரு சொட்டு வராது" என்றார்கள். இரண்டு கிழமைக்கு வரவில்லைதான். ஆனால் கூரை கழற்ற வரவில்லை. பலவந்தமாகக் கழற்றியபோது ரப்பரின் மேல் தோல் சிலிக்கனோடு உரிந்து வந்தது. அதற்குக் கீழே முன்கண்ணாடிச் சட்டத்தின் பெயின்ட் கொப்பளித்து, இரும்பு செம்மண் நிறமாகத் துருப்பிடித்திருந்தது. அந்த வினாகிரி மணம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் அறிந்தேன். அந்த வகைச் சிலிக்கன் காயும்போது அசெற்றிக் அமிலத்தை விடும், அது இரும்பை அரிக்கும். அந்த ஒரு விரல் அகலத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. மணக்கும் சிலிக்கனை உங்கள் காரின் எந்த மூலையிலும் பூச விடாதீர்கள்.

பிறகு நானே உட்கார்ந்து தேடினேன். ஒழுக்குக்குக் காரணம் ரப்பர் மட்டும் இல்லை. இந்தக் காரின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கண்ணாடியின் விளிம்பு நேரே கூரை ரப்பரில் போய் அழுந்த வேண்டும். பழைய காரில் கண்ணாடி ஒரு நூல் வெளியே சாய்ந்துவிடும், அந்த நூல் இடைவெளியால் மாரி மழை உள்ளே வந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு துண்டுக் கடதாசி போதும். கடதாசியை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடம் சரி. வழுகி வந்தால் அங்கேதான் ஒழுக்கு. ஓரம் முழுவதும் நாலு விரலுக்கு ஒரு முறை வைத்துப் பார்த்து, சோக்கட்டியால் அடையாளம் போட்டேன். வலது கதவில் மூன்று இடம். கதவு உள் மட்டையைக் கழற்றி, கண்ணாடியின் சாய்வைத் திருத்தியதும் மூன்றில் இரண்டு நின்றுவிட்டது. மூன்றாவது இடத்தில் ரப்பரே தேய்ந்திருந்தது.

ரப்பருக்குச் சிலிக்கன் கிரீஸ்தான் சாப்பாடு. பேர் ஒன்றுபோல இருந்தாலும் இது அந்தப் பசைச் சிலிக்கன் இல்லை. முதலில் ஈரத் துணியால் மணல் போகத் துடைத்து, காயவிட்டு, விரல் நுனியால் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். வாசலினோ, சாதாரண கிரீஸோ வேண்டாம், பெற்றோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிறகு பிய்ந்துவிடும். மாரிக்கு முந்தி ஒரு தரம், மாரி முடிந்து ஒரு தரம் பூசுகிறேன்.

2022 இல் இன்னொரு பாடம் வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருசம். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அந்த மாதங்கள் முழுவதும் மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போனேன். காரைத் தறப்பாள் போட்டு மூடி வைத்திருந்தோம். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நம்பினேன். திறந்தபோது சீட் பூஞ்சணம் பிடித்திருந்தது. கூரை ரப்பர் பெயின்ட்டோடு ஒட்டிப்போய், தூக்கும்போது நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அன்றிலிருந்து ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் ஒரு தரம் கூரையைத் தூக்கி, அரை மணித்தியாலம் காற்றாட விட்டுத் திரும்பப் பூட்டுகிறோம். தறப்பாளை எறிந்துவிட்டு, காற்றுப் போகும் துணியால் மூடுகிறோம்.

கோமாரியில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2023 ஒக்டோபர். பொத்துவிலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் பின்னேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். சங்கமன்கண்டிப் பக்கம், இலங்கையின் கிழக்கு முனை அதுதான், வானம் நீலமாக இருந்தது. கூரை டிக்கிக்குள். கோமாரி நெருங்கும்போது அம்மா என் கையைத் தொட்டா. "மகள், மேற்கே கறுத்துட்டு வருது. நிப்பாட்டு." நான் நிப்பாட்டவில்லை. திருக்கோவிலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஐப்பசி மழை மேற்கே காட்டுப் பக்கமிருந்து வரும், வந்தால் நிமிடக் கணக்கில்தான் வரும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விசயம். தெரிந்தும் ஓட்டினேன்.

முதல் துளிகள் முன்கண்ணாடியில் நாணயம் அளவுக்கு விழத் தொடங்கியதும் ஓரங்கட்டினேன். இடது சில்லுகள் மணலில், வலது சில்லுகள் தாரில். கூரையை எடுத்து வைத்தோம். இடது பூட்டு விழுந்தது. வலது பூட்டு விழவில்லை. அழுத்தினேன், தூக்கி மறுபடி வைத்தோம், அம்மா கையால் தட்டினா. ஒரு நூல் விலகி நின்றது. மழை இறங்கிவிட்டது. அப்போது ஒரு தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, குனிந்து சில்லுகளைப் பார்த்தான். "அக்கா, கார் கோணலா நிக்குது. எங்கட ட்ரெய்லரும் இப்பிடி மேடு பள்ளத்தில நிண்டா பின் கதவுக் கொழுக்கி விழாது. மட்டமான இடத்தில விடுங்க" என்றான்.

அதுதான் உண்மை. நிலையான கூரை உள்ள காரில் அந்தக் கூரையே உடம்பை இறுக்கிப் பிடிக்கும். அதை வெட்டி எடுத்த காரில் உடம்பு கொஞ்சம் முறுகும். ஒரு பக்கச் சில்லு தாழ்ந்தால் பூட்டும் அது விழ வேண்டிய ஓட்டையும் நேராக வராது. கூரையை அப்படியே மேலே வைத்துக்கொண்டு நகர்த்தலாமா என்று கேட்டேன். நல்ல காலம், அம்மா விடவில்லை. ஓடும் காரின் கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறையும், அது பலகையை மேலே இழுக்கும். ஒரு பூட்டில் நிற்கும் கூரை பறந்து பின்னால் வருபவரின் முகத்தில் விழலாம். திரும்பக் கழற்றி, டிக்கியில் வைத்துப் பூட்டி, கொட்டும் மழையில் மெதுவாக முன்னால் போய், பூட்டியிருந்த ஒரு கடையின் சீமெந்துத் தளத்தில் நிறுத்தினோம். அந்தத் தம்பியும் பின்னாலேயே வந்து அம்மாவின் பக்கத்தைப் பிடித்தான். இடது, டக். வலது, டக். மூன்று பேரும் நனைந்து ஊறிவிட்டோம். பேர் கேட்க முந்தி அவன் போய்விட்டான். எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வீடு வந்து அடுத்த இரண்டு நாளும் காயவைக்கும் வேலைதான். மேல் காய்ந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு முழுக்கத் தண்ணீர். அடித்தட்டிலுள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றி வடியவிட்டு, மேசை விசிறியை உள்ளே வைத்துக் காற்றோட விட்டோம். செய்யாவிட்டால் அடித்தட்டு துருப்பிடிக்கும்.

அந்த இரவு தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னது மனதில் நிற்கிறது. "அப்பா ரெண்டு டக் கேட்டாத்தான் கைய எடுப்பார். பிறகு என்னட்ட ரெண்டு மூலையையும் தூக்கிப் பாக்கச் சொல்லுவார்." அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒன்பது வருசம் இடது பக்கம் நின்று அந்தக் கூரையைப் பிடித்தவ அம்மாதான். அவவிடம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது பூட்டியதும் நான் ஒன்றும் சொல்வதற்கு முந்தி அம்மா பின் மூலைகளில் கை வைத்து மேலே உந்திப் பார்ப்பா. அசையாவிட்டால் தலையை ஆட்டுவா. அதன் பிறகுதான் நான் சாவியைத் திருப்புவேன்.

கிழிந்த இடத்துக்கான ரப்பர் பஞ்சிகாவத்தையில் கடைசியாக அகப்பட்டது. வேறொரு டெல் சோலில் இருந்து கழற்றியது, இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. பவுடர் போட்டு, மடிக்காமல் வட்டமாகச் சுற்றி, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். மாரி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வருகிற ஞாயிறு விடிய, வெயில் ஏற முந்தி, பழையதை எடுத்துவிட்டு இதைப் பதிக்க வேண்டும். வளவின் மட்டமான பக்கத்தை அம்மா நேற்றே கூட்டி வைத்துவிட்டா.